நான் சொன்ன ரெண்டு வருஷம்

பொய் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தனேஸ்வரியைக் குறை சொல்ல வேண்டாம். அவள் என் தங்கை. அவளுக்குப் பொய் சொல்ல வராது, முயற்சி செய்தாலும் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. பதினாறு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். புக்கிட் ரோத்தானிலிருந்து ஈஜோக் வரைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, அவர்களுடைய அம்மாக்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நீண்டுபோய்விட்டது.

எங்கள் அப்பா தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினவர். தனேஸுக்குப் பதினைந்து வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது எனக்கு இருபத்து மூன்று. இடுப்பில் ஒரு பையன், கையைப் பிடித்தபடி இன்னொருவன். பத்தொன்பதில் என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், இவளையாவது இந்தச் சேற்றில் இறக்கக் கூடாது என்று. பிள்ளைகளைச் சேறு என்கிறாளே, இவளும் ஒரு தாயா என்று கேட்காதீர்கள். ரெண்டு பையன்களும் என் உயிர். ஆனால் இருபது வயதில் அவர்களைப் பெற்றதில் எனக்கென்று வேறு எதுவுமே மிஞ்சவில்லை.

தனேஸ் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்ததும் எண்ணெய் ஆலையின் லாபில், அந்தச் சோதனைக்கூடத்தில், சேர்ந்தாள். முதலில் பாட்டில் கழுவும் வேலை. பிறகு எண்ணெயில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அழுக்கு என்று பார்க்கிற வேலை. வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமா, அதை முடித்துவிட்டு டிகிரி. சனி, ஞாயிறு ஷா ஆலாமில் வகுப்பு. பத்து வருடம் அவளுக்கு விடுமுறை என்று ஒன்று இருந்ததில்லை. இருபத்து நான்கில் ஒரு வரன் வந்தது. "பொறு, டிப்ளோமா முடியட்டும்" என்றேன். இருபத்தெட்டில் முகுந்தனைப் பிடித்திருக்கிறது என்று அவளே வந்து சொன்னாள். செகிஞ்சானில் அரிசி ஆலை மெஷின்களைப் பழுது பார்க்கிறவர், நல்லவர், வாயில்லாப் பூச்சி. "நல்ல ஆளுதான், ஆனா பொறு, டிகிரி முடியட்டும்" என்றேன். டிகிரியும் முடிந்தது. "சூப்பர்வைசர் வேலை கன்ஃபர்ம் ஆகட்டும்" என்றேன். அவள் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம், பாவி.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ரெண்டு தடவை நடக்கும். முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, மாலை, படம், பிரியாணி. அன்று சாயங்காலமே பெண் அவள் வீட்டுக்கு, பையன் அவன் வீட்டுக்கு. அரசாங்கத்துக்கு அவர்கள் புருஷன் பெண்டாட்டி. எங்களுக்கு இல்லை. கோயிலில் தாலி ஏறுகிறவரைக்கும் ஒன்றாக ஒரு ராத்திரி தங்கினால் ஊர் சும்மா விடாது. ஆளாளுக்கு ஒரு வருடம், ரெண்டு வருடம் இப்படியே காத்திருப்பார்கள். மலிவு விலை வீட்டுக்கு மனுப் போடக் கையெழுத்து வேண்டும் என்று, முகுந்தனும் தனேஸும் போன வருடம் மார்ச்சில் பதிவு செய்துகொண்டார்கள். வீடு கிடைக்கட்டும், அப்புறம் தாலி என்று சொன்னதும் யார்? நான்தான்.

இந்த வருடம் ஜனவரியில் அவளுக்கு ரெண்டு மாதமாகத் தீட்டு வரவில்லை. அசதி என்று நினைத்தாள். நான் இழுத்துக்கொண்டு கிளினிக் போனேன். ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் முடிவு சொல்ல ஓர் இளம் மலாய் டாக்டர் எங்களை உட்கார வைத்து, கதவைச் சாத்தினார்.

தனேஸின் உடம்பில் கருமுட்டை மிகக் குறைவாக இருக்கிறதாம். முப்பத்து மூன்று வயதுக்காரிக்கு, நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு இருக்க வேண்டிய அளவு. ஏன் என்று கேட்டேன். சிலருக்கு அப்படித்தான் என்றார். பிள்ளை வேண்டுமென்றால் இனித் தள்ளிப்போடாதீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, மலாயில் கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை நாளாக முயற்சி செய்கிறீர்கள்?

தனேஸ் வாயைத் திறந்தாள். "ரெஜிஸ்டர் பண்ணி..." என்று தொடங்கினாள். அதற்குள் நான் புகுந்துவிட்டேன்.

"ரெண்டு வருஷம், டாக்டர். ரெண்டு வருஷமா ட்ரை பண்றாங்க. ஒண்ணும் நிக்கல."

ஏன் சொன்னேன்? என் வேனில் ஏறும் ஒரு பையனின் அம்மா சொல்லியிருந்தாள், ஒரு வருடமாவது முயற்சி செய்தவர்களைத்தான் ஆஸ்பத்திரியில் வரிசையில் சேர்ப்பார்கள் என்று. அது நிஜமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. இவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் வாய் தானாக ஓடிவிட்டது. டாக்டர் எழுதிக்கொண்டார். தனேஸின் காது சிவந்ததை அவர் பார்க்கவில்லை.

வேனில் ஏறியதும் அவள் பெல்ட்டைக்கூடப் போடவில்லை.

"அக்கா, நாப்பத்தஞ்சுன்னா அம்மாவுக்கு நின்னுபோன வயசு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது லா. சும்மா இரு."

"எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அக்கா."

நான் சாவியைத் திருப்பினேன்.

தாலி முகூர்த்தம் ஆவணியில் என்று ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. ஏழு மாதம்தானே, அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்று விரல் விட்டு எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஜூன் மாதம் தேதி கொடுத்தார்கள். கடிதத்தில் ஒரு நகலை முகுந்தனிடமும் கொடுத்தாள். அந்த மனிதர் எல்லாத் தாளையும் ஒரே ஃபைலில் வைக்கிறவர். வீட்டு மனு, மோட்டார் இன்சூரன்ஸ், பதிவுக் கல்யாணப் பத்திரம், அதன் பின்னாலேயே இந்தக் கடிதம்.

ஏப்ரலில் முகுந்தனின் அப்பா நாராயணசாமி இறந்துபோனார். காலையில் தேநீர் குடித்துவிட்டு மோட்டார்சைக்கிளுக்குக் காற்றடிக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பத்தாங் பெர்ஜுந்தையில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த ஊருக்கு இப்போது வேறு பெயர், நாங்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. தனேஸ் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவித்தாள். மருமகளாக உள்ளே நிற்பதா, வந்தவர்களோடு கூடாரத்தில் நிற்பதா? கடைசியில் கதவருகே நின்றாள். பறை அடித்துக்கொண்டிருக்கும்போது என் காதருகே குனிந்து கேட்டாள். "ஒரு வருஷமா அக்கா?"

ஆமாம், ஒரு வருடம். தகப்பன் செத்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் கிடையாது. நல்ல மனிதர் அவர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என்னா ட்ரைவர்" என்று சிரிப்பார். அவரை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் நாங்கள் ரெண்டு பேரும் மாதத்தை எண்ணிக்கொண்டு நின்றோம். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒரு வழி இருந்தது. முப்பது நாளுக்குள் கட்டிவிட்டால் குற்றமில்லை என்று எங்கள் சனங்கள் வைத்திருக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்டு உட்கார்ந்தபோது, முகுந்தனின் பெரியப்பா மகன் கணேஸ்வரன் தானாகவே அதை எடுத்தார். மேளம் வேண்டாம், மண்டபம் வேண்டாம், கோயிலில் வைத்துக் கட்டிவிடலாம் என்றார். முகுந்தனின் அம்மா நவமணி அத்தை மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தார். வெறும் நெற்றியோடு அவரைப் பார்க்கவே முடியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். தனேஸ் அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

தாலி கட்டக் கோயிலில் பதிவுப் பத்திரம் கேட்பார்கள். "எடுத்துட்டு வா முகுந்தா" என்றார் கணேஸ்வரன். முகுந்தன் அந்த ஃபைலை அப்படியே கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். கணேஸ்வரன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பத்திரம் வந்தது. அதன் பின்னால் இருந்த தாளையும் எடுத்து, கண்ணை இடுக்கிப் படித்தார்.

"என்னாது இது? கல்யாணமாகி ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா கருத்தரிக்கல. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறோம்னு போட்டிருக்கு."

பதிவு செய்தே பதிமூன்று மாதம்தான் ஆகிறது. கணக்குப் போட அத்தைக்கு நேரம் தேவைப்படவில்லை.

"ரெண்டு வருஷமாவாடா?" என்று மகனைக் கேட்டார். முகுந்தன் தரையைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயில் என்ன கொழுக்கட்டையா?

"கையெழுத்துக்கு முன்னாடியே ஒண்ணா இருந்திருக்கீங்க. இருந்தும் ஒண்ணும் இல்ல. அதான் இம்புட்டு அவசரமா? அவரு படத்துல போட்ட மால இன்னும் வாடல. அதுக்குள்ள ஏமாத்தி எந்தலையில கட்டப் பாக்குறீங்களா?"

நான் எழுந்துவிட்டேன். "ஐயோ அத்தே, இவங்க கையகூடப் புடிச்சதில்ல. நான்தான் டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். லைன்ல சேக்க மாட்டாங்களோன்னு பயந்து சொல்லிட்டேன்."

"டாக்டரு எழுதிக் குடுத்தது பொய்யி, நீ சொல்றது நெசமா?"

"டாக்டர் பொய் சொல்லல அத்தே. நான் சொன்னத எழுதினாங்க."

"நல்ல குடும்பம்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரு வருஷம் போவட்டும். அப்புறமும் கட்டணுமான்னு பாப்போம்."

தனேஸ் அடுப்படி வாசலில் கையில் ஈரத் தட்டோடு நின்றாள். எல்லார் கண்ணும் அவள் வயிற்றின் மேல் இருந்தது. அவள் தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்துவிட்டு வந்து வேனில் ஏறிக்கொண்டாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. நானும் சோறு இறங்காமல் கிடந்தேன். அவளைப் பார்த்துப் பார்த்து வளர்த்தது நான், குழியில் தள்ளியதும் நானேதானா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வேன் ஓட்டும்போது பின்னால் பிள்ளைகள் கத்தினால், ஆண்டவனே, இவளுக்கு ஒன்றே ஒன்று கொடு என்று கேட்டேன்.

ஜூனில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வேனில் அவள் முதலில் சொன்னது, "உள்ள வந்து நீ வாயத் தொறக்கக் கூடாது" என்பதுதான். தலையாட்டினேன். அங்கே வயதான ஒரு பெண் டாக்டர். கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு வருடத்தைப் பற்றிக் கேட்டார். தனேஸ் எல்லாவற்றையும் சொன்னாள். பதிவு, தாலி, மாமனார் சாவு, ஒரு வருடம், அக்காவின் பொய். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்படியென்றால் நீங்கள் இதுவரை முயற்சியே செய்யவில்லை!"

"இல்ல, டாக்டர்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ரத்த முடிவு இருந்த தாளைப் புரட்டியதும் அவர் சிரிப்பு நின்றது. இந்த ஒரு தாளே போதும், ரெண்டு வருடமெல்லாம் யார் கேட்டார்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் என் செருப்பைப் பார்த்தேன். பிறகு தனேஸிடம் சொன்னார். "மூன்று மாதம் சேர்ந்து இருந்து பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஊசி தொடங்கலாம். ஆனால் ஒரு வருடம் காத்திருக்காதீர்கள். அப்போது என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கே தெரியாது." லாபில் எண்ணெயைப் பிரிக்க ஊற்றுகிற திரவத்தின் பெயரைக் கேட்டுவிட்டு, அது கர்ப்பத்துக்கு ஆகாது, அதன் பக்கமும் இனிப் போகக் கூடாது என்றார். சூப்பர்வைசராகி அவளுக்கு அப்போது ரெண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஈஜோக்கைத் தாண்டியதும் வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். முகுந்தனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் மடியில் வைத்தாள். வீட்டுச் சாவி மே மாதமே வந்துவிட்டது. வீடு பூட்டியே கிடந்தது.

"சாவி ஒங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா."

"வெள்ளிக்கெழம சாமானோட வரேன்."

மறுமுனையில் அரிசி மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "அம்மா..." என்று இழுத்தார் முகுந்தன்.

"ஒங்கம்மாவுக்கு ஒரு வருஷம் இருக்கு. எனக்கு இல்லைங்க."

மெஷின் சத்தம் நின்றது. பிறகு, "நான் லீவு போட்டுர்றேன்" என்றார். அன்றைக்குத்தான் அந்த ஆள் மேல் எனக்கு முதல் முறையாக மரியாதை வந்தது.

எங்கள் அம்மா ஒப்பாரி வைத்துவிட்டார். தாலியில்லாமல் பெண்ணை அனுப்புகிறோமே, நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது என்று புலம்பினார். வெள்ளிக்கிழமை வேனில் சாமான் ஏற்றும்போது அறைக்குள்ளேயே இருந்தார். புது வீட்டில் சோற்றுப் பானையைத் திறந்தால் உள்ளே ஒரு பொட்டலம் உப்பு, ஒரு துண்டு மஞ்சள். எப்போது வைத்தாரோ. அதைப் பார்த்ததும் தனேஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குக்கா. புள்ள நிக்காம போயிருமோன்னும் பயமா இருக்கு. இப்பிடி வந்துட்டேனேன்னும் பயமா இருக்கு."

"எனக்கும்தான்டி" என்றேன். தைரியம் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

ஆலையில் லாபுக்குள் போகாமல் ரிப்போர்ட் வேலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மேனேஜர் முணுமுணுத்தார். தற்காலிக சூப்பர்வைசராக இன்னொருத்தனைப் போட்டார்கள். இவள் பாட்டில் கழுவக் கற்றுக்கொடுத்த பையன். பத்து வருடப் படிப்பு. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நான்தான் வீட்டில் பாத்திரத்தை உருட்டினேன்.

ஜூலையில் தீட்டு வந்துவிட்டது. ஆகஸ்டில் ஐந்து நாள் தள்ளிப்போனது. ஐந்து நாளும் அவள் நடப்பதற்கே பயந்தாள். ஆறாம் நாள் ஆலைக் கழிவறையிலிருந்து எனக்குப் போன் போட்டு, எதுவும் சொல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள். புரிந்துகொண்டேன். செப்டம்பரில் மறுபடியும் தள்ளியது. பத்து நாள் பொறுத்துப் பார்த்தோம். பிள்ளைகளை ஏற்ற நான் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது ஒரு படம் வந்தது. ரெண்டு கோடு. நான் போட்ட கத்தலில் முன் சீட்டில் இருந்த குட்டிப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். முதல் ஸ்கேனில் பை தெரிகிறது, துடிப்பு தெரியவில்லை என்றார்கள். நாள் பற்றாமல் இருக்கலாம், வேறு மாதிரியும் இருக்கலாம், ரெண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். அந்த ரெண்டு வாரத்தை எப்படிக் கடந்தோம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போய்விட்டு வரும்போதும் அவள் முகத்தை முகுந்தன் பார்ப்பார். ஒன்றும் இல்லை என்று தலையசைப்பாள். இது போனால் அடுத்தது வரும் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. அடுத்தது என்று ஒன்று உள்ளே மிச்சம் இருக்கிறதா என்பது எங்களுக்குத் தெரியாது.

ரெண்டாம் ஸ்கேன் அன்று உள்ளே ஒருவர்தான் போகலாம் என்றார்கள். முகுந்தன் போனார். நான் கார் நிறுத்தும் இடத்தில், வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். நவமணி அத்தை. பஸ் ஏறி, பஸ் மாறி வந்திருக்கிறார். முகத்தில் வேர்வை வழிந்தது. ஆறு மாதமாக எங்களோடு பேச்சுவார்த்தை கிடையாது. ரெண்டு வருடக் கதையைப் பெர்ஜுந்தை முழுக்கச் சொல்லி முடித்தவர் இவர். முகுந்தன் எப்போது வாயைத் திறந்து இந்த ஸ்கேனைப் பற்றி இவரிடம் சொன்னாரோ.

"இன்னிக்குத்தான் தெரியுமாமே" என்றார்.

"ஆமா அத்தே. வெயில்ல நிக்காதீங்க, ஏறுங்க."

ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த ரெண்டு வருஷம் நெசமாவே பொய்தானா?" என்று கேட்டார்.

"நெசமாவே பொய்தான் அத்தே."

நாங்கள் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் இருக்கும், என் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "பாரு புள்ள" என்று அத்தை அதட்டினார். முகுந்தன் அனுப்பியிருந்தார். *சத்தம் கேட்டுச்சுக்கா.*

படித்துக் காட்டினேன். அத்தை அப்படியே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுதார். புருஷன் செத்த அன்றுகூட அவர் இப்படி அழுது நான் பார்க்கவில்லை.

தனேஸ் கையில் சின்னப் படத்தோடு வெளியே வந்தாள். மாமியாரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முகுந்தன் அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். அத்தை எழுந்து, கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தினார்.

"ஏழாம் மாசம் வளைகாப்பு போடணும். கழுத்துல தாலி இல்லாம எப்பிடிப் போடுறது? வர்ற மாசம் கோயில்ல வச்சுக் கட்டிடு."

"வருஷம் இன்னும் முடியலியேம்மா" என்றார் முகுந்தன்.

"ஒங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

தனேஸ் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அத்தே, பன்னெண்டு வாரம் ஆகட்டும்" என்றாள். "அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேணாம். எனக்கு ரொம்ப பயமா இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

அத்தை என்னைப் பார்த்தார். முகுந்தனும் என்னைப் பார்த்தார். கடைசியில் தனேஸும் என் பக்கம் திரும்பினாள். பதினெட்டு வருடமாக அவளுக்கு எல்லாவற்றையும் முடிவு செய்து சொன்னவள் நான்.

நான் வாயைத் திறக்கவில்லை. வேனின் பக்கக் கதவை இழுத்துத் திறந்து, அவள் குலுங்காமல் உட்கார நடு சீட்டில் பிள்ளைகள் மறந்து விட்டுப்போன பள்ளிக்கூடப் பைகளை எடுத்துப் பின்னால் போட்டேன்.